அரசாங்கக் கடன், வங்கிக் கடன், மத்திய வங்கியின் வட்டி: இலங்கையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எல்லோருக்கும் "காசு அச்சடித்தார்கள்" என்ற பேச்சு பழகிப்போனது. யார் அச்சடித்தார்கள், எந்த வழியாக, வங்கிகளுக்கு அதில் என்ன பங்கு, மத்திய வங்கி வட்டியைக் கூட்டிய பிறகும் விலையேற்றம் அடங்க ஏன் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும். 2019 முதல் 2025 வரை நடந்ததை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். கணக்கியல் படித்தவர்களுக்கு சில இடங்கள் சலிப்பாக இருக்கலாம், அவர்கள் தாவிப் போகலாம்.

வட்டியைத் தீர்மானிப்பது மத்திய வங்கிதானே? அரசாங்கம் கடன் வாங்குவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மத்திய வங்கி நேரடியாகத் தீர்மானிப்பது ஓர் இரவுக்கான வட்டியை மட்டும்தான். வங்கிகளிடம் மிஞ்சிய காசை மத்திய வங்கியில் இரவு வைத்தால் ஒரு வீதம், காசு போதாமல் இரவுக்குக் கடன் எடுத்தால் அதைவிடக் கூடிய ஒரு வீதம். துணைநில் வைப்பு வசதி, துணைநில் கடன்வழங்கல் வசதி என்று இவற்றுக்குப் பெயர். 2024 நவம்பரில் ஓரிரவு கொள்கை வீதம் என்று ஒரே வீதத்தை அறிவிக்கும் முறைக்கு மாறி, அதை 8 சதவீதத்தில் தொடங்கி, 2025 மே மாதம் 7.75 ஆக்கினார்கள்.

உங்கள் வீட்டுக் கடனின் வட்டியும் நிலையான வைப்பின் வட்டியும் இதைப் பின்பற்றி நகரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் நாட்டில் மிக அதிகமாகக் கடன் கேட்டு நிற்கிற ஆள் திறைசேரி, அதாவது அரசாங்கத்தின் கஜானா. அது ஒவ்வொரு வாரமும் சந்தைக்கு வந்து பெருந்தொகை கேட்கும்போது, கொடுப்பவர்கள் வட்டியைக் கூட்டிக் கேட்பார்கள். அப்போது மத்திய வங்கிக்கு இரண்டு வழிதான்: வட்டி ஏறட்டும் என்று விடுவது, அல்லது தானே காசை உருவாக்கி அரசாங்கத்தின் பத்திரங்களை வாங்கி வட்டியை அமுக்கி வைப்பது. இரண்டாவது வழியில் இறங்கிவிட்டால் அந்த ஓரிரவு வீதம் எத்தனை என்று அறிவித்தாலும் பெரிய அர்த்தமில்லை. என்னைக் கேட்டால், 2020 முதல் 2022 வரை இலங்கையின் நாணயக் கொள்கையை எழுதியது புதன்கிழமை நடக்கிற திறைசேரி உண்டியல் (அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரம்) ஏலம். மத்திய வங்கியின் முடிவுகளை எடுத்த நாணயச் சபையின் அறிக்கைகள் அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

"காசு அச்சடிப்பது" என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

நோட்டு இயந்திரம் ஓடுவதை நினைக்காதீர்கள், பெரும்பகுதி கணக்கேட்டில் ஒரு வரிதான். திறைசேரி 91, 182, 364 நாட்களுக்கான உண்டியல்களை ஏலத்துக்கு விடுகிறது. உதாரணத்துக்கு 40 பில்லியன் ரூபா தேவை என்று வைத்துக்கொள்வோம். வங்கிகளும் முதனிலை வணிகர்களும் (ஏலத்தில் நேரடியாகக் கேட்க உரிமம் உள்ள நிறுவனங்கள்) 15 பில்லியனுக்குத்தான் அரசாங்கம் விரும்பும் வட்டியில் கேட்கிறார்கள், மீதிக்கு அதிக வட்டி வேண்டும் என்கிறார்கள். மிச்சமுள்ள 25 பில்லியனை மத்திய வங்கி எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்வது என்றால், மத்திய வங்கியில் உள்ள அரசாங்கத்தின் கணக்கில் 25 பில்லியன் வரவு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்தக் காசு நேற்று யாரிடமும் இருக்கவில்லை. அரசாங்கம் அதை எடுத்து ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், ஒப்பந்தக்காரரின் பில் என்று கட்டும்போது, அது இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் மற்ற வங்கிகளிலும் வாடிக்கையாளர் வைப்பாக வந்து உட்காருகிறது. கூடவே அந்த வங்கிகளுக்கு மத்திய வங்கியில் உள்ள இருப்பும் அதே அளவு கூடுகிறது.

2020இல் ஏலங்களுக்கு உச்ச வட்டி ஒன்றை முன்கூட்டியே நிர்ணயித்தார்கள். சந்தை அந்த விலைக்குக் கொடுக்க மறுக்க மறுக்க, மத்திய வங்கி எடுத்துக்கொண்டே இருந்தது. 2021 செப்டெம்பரில்தான் அந்த உச்சவரம்பை நீக்கினார்கள். மத்திய வங்கியிடம் இருந்த அரசாங்கப் பிணையங்கள் (உண்டியல்களும், நீண்டகாலக் கடன் பத்திரங்களான முறிகளும்) 2019 இறுதியில் 100 பில்லியனுக்கும் குறைவு, 2021 இறுதியில் 1.4 ட்ரில்லியன், 2022 இறுதியில் 2.5 ட்ரில்லியனுக்கு மேல். இந்த மூன்று எண்களையும் ஒருமுறை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்தின்படி, அரசாங்கத்தின் அந்த ஆண்டு எதிர்பார்க்கும் வருமானத்தில் 10 சதவீதம் வரை மத்திய வங்கி தற்காலிக முற்பணமாகக் கொடுக்கலாம். தற்காலிகம் என்று பெயர். நடைமுறையில் பழையதைக் கட்டிப் புதியதை எடுப்பதுதான், கடன் தீராது.

அரசாங்கத்துக்கு ஏன் அவ்வளவு காசு தேவைப்பட்டது?

கொவிட்டை மட்டும் காரணம் காட்டுபவர்கள் ஒரு மாதத்தை மறந்துவிடுகிறார்கள்: 2019 டிசெம்பர். அப்போதே வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், 2 சதவீத நாட்டைக் கட்டியெழுப்பும் வரியை நீக்கினார்கள், சம்பளத்தில் கழிக்கிற வரியை எடுத்துவிட்டார்கள். வற் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய எல்லையை ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபா விற்பனையிலிருந்து 300 மில்லியனுக்குத் தூக்கினார்கள். பெரிய கடைக்காரர்களே வரிக் கோப்பிலிருந்து வெளியே போய்விட்டார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த அரச வருமானம் எட்டு, ஒன்பது என்று இறங்கியது. செலவு இறங்கவில்லை. 2021இல் அரசாங்கம் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது.

2020இல், நாடுகள் கடனைத் திருப்பிக் கட்டுமா என்று மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையைக் கீழிறக்கியதும் வெளிநாட்டுச் சந்தையில் கடன் கதவு மூடிக்கொண்டது. மிச்சம் இருந்தது உள்ளூர் வங்கிகள், ஊழியர் சேமலாப நிதியம், மத்திய வங்கி.

வங்கிகள் கொடுக்கிற கடன் வேறு விசயம்தானே? அவை வைப்பாளர்களின் காசைத்தானே கொடுக்கின்றன?

முழுக்க அப்படி இல்லை. வங்கி உங்களுக்கு 10 இலட்சம் கடன் அனுமதித்தால், வேறு யாருடைய புத்தகத்திலிருந்தும் 10 இலட்சத்தைக் கழித்து உங்களுக்குத் தருவதில்லை. உங்கள் கணக்கில் 10 இலட்சம் எழுதுகிறது. அது புதிய வைப்பு. நீங்கள் அதை ஹாட்வெயார் கடைக்காரருக்குக் கட்டினால் அவருடைய வங்கியில் வைப்பாக இருக்கிறது. ஆக வங்கிக் கடனும் பணத்தைக் கூட்டுகிறது. வங்கியின் கையைக் கட்டுவது மூன்று: மத்திய வங்கியில் வைத்திருக்க வேண்டிய இருப்பு, தன் மூலதனம், கடன் கேட்டு வருகிற ஆள் திருப்பிக் கட்டுவானா என்ற பயம்.

மத்திய வங்கி அரசாங்கப் பத்திரங்களை வாங்கி வங்கிகளின் இருப்பைக் கூட்டும்போது முதல் கட்டு தளர்ந்துவிடுகிறது. அதைத் தளர்த்த இன்னொரு வழி நியதி ஒதுக்கு விகிதத்தை, அதாவது வைப்புகளில் மத்திய வங்கியில் கட்டாயம் வைக்கவேண்டிய பங்கை, குறைப்பது. 2020 ஜூன் 16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மத்திய வங்கி அதிகாரிகளை அழைத்து, பொருளாதாரத்துக்குப் போதிய ஆதரவு தரவில்லை என்று கண்டித்தார், அது தொலைக்காட்சியிலும் வந்தது. அதே நாள் நியதி ஒதுக்கு விகிதம் 4இலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரே அறிவிப்பில் 115 பில்லியன் ரூபா வங்கிகளின் கைக்கு வந்தது. மத்திய வங்கியின் சுதந்திரம் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு நாளைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்படியென்றால் 2020இலேயே விலை எகிறியிருக்க வேண்டுமே? 2021 வரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே?

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் பலர் இதைக் காட்டித்தான் "அச்சடித்தால் பணவீக்கம் வராது" என்று வாதிட்டார்கள். உள்நாட்டு நாணயத்தில் எடுத்த கடன் பெரிய பிரச்சினை இல்லை என்ற கருத்து உயர் மட்டங்களிலிருந்தே கேட்டது.

முதல் காரணம் ஊரடங்கு. ஆட்கள் செலவழிக்கவில்லை, காசு வங்கியிலேயே கிடந்தது. இரண்டாவது, வாகனம் முதல் பல பொருட்கள் வரை இறக்குமதியை நிறுத்திவைத்திருந்தார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: டொலரின் விலையைப் பிடித்து வைத்திருந்தார்கள். அழுத்தம் விலையில் தெரியாமல் அந்நியச் செலாவணி இருப்பில் போய்த் தெரிந்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த இருப்பு, 2022 மார்ச்சில் 2 பில்லியனுக்கும் கீழ். அதிலும் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடனான நாணய மாற்று வசதி, எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க உதவாது.

ரூபாவை அச்சடித்தால் டொலர் ஏன் போகிறது?

பலர் தடுமாறுகிற இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

சம்பளமாகவோ கடனாகவோ புதிய ரூபா ஒருவர் கைக்கு வருகிறது. அவர் பால்மா வாங்குகிறார், கைபேசி வாங்குகிறார், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கிறார். மூன்றுக்கும் பின்னால் இறக்குமதி இருக்கிறது. இறக்குமதியாளர் ரூபாவுடன் வங்கிக்கு வந்து டொலர் கேட்கிறார். வங்கியிடம் டொலர் போதவில்லை, 203 ரூபாவுக்கு மேல் விற்கவும் விடமாட்டார்கள். மத்திய வங்கி தன் இருப்பிலிருந்து டொலரை விற்கிறது.

அது டொலரை விற்கும்போது பதிலுக்கு ரூபா மத்திய வங்கிக்குள் திரும்பிப் போய்விடுகிறது. சாதாரணமாக இது நல்லதுதான். வங்கிகளிடம் ரூபா குறையும், வட்டி ஏறும், கடன் குறையும், இறக்குமதி குறையும், டொலருக்கான தேவை தானாக அடங்கும். ஆனால் வட்டி ஏறக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்களே! அதனால் மத்திய வங்கி மறுபடி திறைசேரி உண்டியலை வாங்கி, வெளியே போன ரூபாவை மீண்டும் நிரப்பியது. நிரப்பிய ரூபா மீண்டும் டொலர் கேட்டு வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் டொலர் போனது, கொஞ்சம் அரசாங்கப் பத்திரம் மத்திய வங்கியின் ஏட்டில் சேர்ந்தது. இருப்பு தீர்ந்ததும் சுற்று நின்றது.

2022 மார்ச் 7ஆம் திகதி நாணயமாற்று வீதத்தைத் தளர்த்தினார்கள். 200 முதல் 203 வரை பிடித்து வைத்திருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ ஒட்டிப் போய் நின்றது. இரண்டு வருடமாக அடக்கி வைத்த விலையேற்றம் எல்லாம் சில மாதங்களில் கடைக்கு வந்தது. இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்ததும், உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதும் சேர்ந்துகொண்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் விலை எல்லா நாட்டுக்கும்தான் ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதப் பணவீக்கம் எல்லா நாட்டிலும் வரவில்லை.

2022 ஏப்ரலில் வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி கூட்டினார்களே, அது வேலை செய்ததா?

நந்தலால் வீரசிங்க ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாள், ஏப்ரல் 8, வைப்பு வசதி வீதத்தை 6.5இலிருந்து 13.5ஆகவும் கடன்வழங்கல் வீதத்தை 7.5இலிருந்து 14.5ஆகவும் உயர்த்தினார்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

தனியார் பக்கத்தில் அது உடனே கடித்தது. வங்கிகள் தங்கள் மிக நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற கடனின் வட்டியே ஆண்டு இறுதியில் 27 சதவீதத்தைச் சுற்றி நின்றது. அந்த விலைக்கு யார் வியாபாரம் செய்வார்? தனியாருக்கான கடன் 2022 நடுப்பகுதியிலிருந்து மாதத்துக்கு மாதம் சுருங்கியது. கூடியது நகை அடகுதான்.

அரசாங்கப் பக்கத்தில் அவ்வளவு சீக்கிரம் கடிக்கவில்லை. வட்டி ஏறியதால் அரசாங்கம் சம்பளம் கொடுப்பதை நிறுத்த முடியுமா? மே 16ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், விருப்பமில்லாவிட்டாலும் அரச ஊழியர் சம்பளத்துக்காகப் பணம் அச்சிட அனுமதிக்க வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதாவது வட்டியைக் கூட்டிய அதே மத்திய வங்கி அந்த ஆண்டு முழுவதும் அரசாங்கத்துக்கு அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் சுமை முழுக்கத் தனியார் துறையின் தலையில் விழுந்தது. சிறு கடை, சிறு தொழிற்சாலை, கட்டட வேலை எல்லாம் அந்தக் காலத்தில் படுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையில் திருப்பம் வந்தது வரியோடு. வற் 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. மின்சாரக் கட்டணமும் எரிபொருள் விலையும் செலவுக்கு ஏற்றபடி ஏற்றப்பட்டன. 2023இல் வட்டிச் செலவைத் தள்ளிப் பார்த்தால் அரசாங்கத்தின் வரவு, செலவை விஞ்சியது. திறைசேரிக்கு மத்திய வங்கியின் கை தேவைப்படாமல் போன பிறகுதான் மத்திய வங்கியின் வட்டிக்கு உயிர் வந்தது. வரி கட்டுகிறவர்களுக்கு இது பிடிக்காத பதில், எனக்கும்தான் பிடிக்கவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் போகிறது.

கொள்கை வட்டி (மத்திய வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் ஓரிரவுக் கடனின் வட்டி) 15.5 சதவீதமாக இருந்தபோது திறைசேரி உண்டியல் 30 சதவீதத்தைத் தாண்டியது எப்படி?

பயம். உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைப்பார்களா (தவணையையும் வட்டியையும் மாற்றுவார்களா), 91 நாள் கழித்து முழுக் காசும் வருமா என்று யாருக்கும் தெரியாது. அதற்கான கூலியைக் கொடுப்பவர்கள் வட்டியில் சேர்த்துக் கேட்டார்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு வங்கி மத்திய வங்கியிடம் 15.5க்கு ஓரிரவுக் கடன் எடுக்கலாம், அதே காசை 30க்கு அரசாங்கத்துக்குக் கொடுக்கலாம். நாளைக்கு மறுபடி ஓரிரவுக் கடன். வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுப்பதும் ஏறக்குறைய நின்றுபோனது. மிகையாகக் காசு வைத்திருந்த வங்கி தட்டுப்பாட்டில் இருந்த வங்கியை நம்பாமல் மத்திய வங்கியிலேயே போட்டது, தட்டுப்பாட்டு வங்கி மத்திய வங்கியிடமே எடுத்தது. கடைசியில் 2023 ஜனவரி நடுப்பகுதியில் மத்திய வங்கி கட்டுப்பாடு போட்டது: வைப்பு வசதியை மாதத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது, கடன் வசதியில் தன் நியதி ஒதுக்கில் 90 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டம் அங்கீகரிக்கப்பட்டு, ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது தெரிந்ததும் உண்டியல் வட்டி சரசரவென்று இறங்கியது.

அரச வங்கிகளைப் பற்றி ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் திறைசேரியின் இரண்டாவது பணப்பையாக இருந்ததால். அரசாங்கத்தின் கணக்கில் மேலதிகப் பற்று, அமைச்சுகளின் பில், அப்புறம் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், மின்சார சபை. எண்ணெயை நட்டத்தில் விற்கச் சொன்னது அரசாங்கம், அந்த நட்டம் வரவுசெலவுத் திட்டத்தில் தெரியவில்லை, வங்கியின் கடன் ஏட்டில் தெரிந்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இந்த இரண்டு வங்கிகளுக்கும் கட்டவேண்டியிருந்தது 2 பில்லியன் டொலருக்கு மேல், அதுவும் டொலரில். அதைக் கடைசியில் திறைசேரியே தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

நாணயக் கொள்கைக்கு இதனால் என்ன? அரச நிறுவனம் வட்டி ஏறியதற்காகக் கடனைக் குறைக்காது, அரச வங்கி மறுக்கவும் மாட்டாது. அந்தப் பகுதிக்கு வட்டிக் கருவி எட்டாது. அது மட்டுமல்ல, அரச வங்கிகளிடம் பற்றாக்குறை வந்தால் மத்திய வங்கி கடன் கொடுத்தே ஆகவேண்டும், விட்டுவிட்டால் நாட்டின் வைப்பாளர்கள் கலங்கிப்போவார்கள். ஏலத்தில் வாங்காமலே அச்சடிக்க வைக்கிற வழி இது.

என் நிலையான வைப்புக்கு என்ன நடந்தது?

2021 செப்டெம்பரில் ஒரு இலட்சம் ரூபாவை ஒரு வருடத்துக்கு 5.5 சதவீதத்தில் போட்டீர்கள் என்று வைப்போம். 2022 செப்டெம்பரில் கைக்கு வருவது 105,500. விலைகள் அதற்குள் 69.8 சதவீதம் ஏறிவிட்டன. முந்திய வருடத்து விலையில் சொன்னால் அந்தக் காசுக்கு ஏறத்தாழ 62,000 ரூபாவுக்குரிய பொருள்தான் வாங்கலாம். மிச்சம் 38,000 எங்கே போனது? அதில் ஒரு பகுதி கடன்காரர்களுக்கு, அதிலும் முதல் ஆளான அரசாங்கத்துக்கு. பழைய ரூபாக் கடனை அது மலிந்துபோன ரூபாவில் அடைத்தது. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமல் எடுக்கப்பட்ட வரி இது.

2022 கடைசியில் 20 சதவீதத்துக்கு மேல் வைப்பு வட்டி கிடைத்தபோது போட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பணவீக்கம் 2023 ஜூலையில் 6.3க்கும் செப்டெம்பரில் 1.3க்கும் இறங்கியதால் அவர்களுக்கு உண்மையிலேயே இலாபம். கையில் காசு வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு, மாதச் சம்பளத்தில் நாள் கழித்தவர்களுக்கு இல்லை.

சேமலாப நிதியத்தில் கை வைத்தார்கள் என்கிறார்களே?

வைத்தார்கள். 2023 ஜூன் 29 தொடங்கி ஐந்து நாள் வங்கிகள் மூடியிருக்கும்படி விடுமுறை அமைத்துத்தான் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை வெளியிட்டார்கள், இடையில் சனிக்கிழமை பாராளுமன்றம் கூடி வாக்களித்தது. வங்கிகளிடமிருந்த ரூபாப் பத்திரங்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் போன்றவற்றுக்கு, பழைய முறிகளைக் கொடுத்து 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் தருகிற நீண்டகால முறிகளை வாங்குங்கள், இல்லையென்றால் உங்கள் வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 சதவீதம் என்றார்கள். இதைத் தெரிவு என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மத்திய வங்கியிடம் குவிந்திருந்த உண்டியல்களில் பெரும்பகுதியும் முற்பணமும் ஏறத்தாழ 2.5 ட்ரில்லியன் ரூபாவுக்கான பத்து நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. 2020, 2021இல் ஏலங்களில் எடுத்ததன் தடயம் 2038 வரை ஏட்டில் இருக்கும்.

புதிய சட்டம் வந்துவிட்டதே, இனி அச்சடிக்கவே முடியாதா?

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்த செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதும், ஏலத்தில் அரசாங்கப் பத்திரம் வாங்குவதும் சில குறுகிய விதிவிலக்குகள் தவிரத் தடை. முன்பு நாணயச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்த திறைசேரிச் செயலாளருக்கு இப்போது இடமில்லை. பணவீக்க இலக்கு 5 சதவீதம், இரண்டு காலாண்டு தொடர்ந்து இரண்டு புள்ளிக்கு மேல் தவறினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்கவேண்டும்.

ஓட்டை இருக்கிறதா? இருக்கிறது. ஏற்கெனவே விற்ற பத்திரங்கள் கைமாறும் இரண்டாம்நிலைச் சந்தையில் வாங்குவதற்குத் தடையில்லை, வங்கிகளுக்குத் திரவத்தன்மை (உடனடிக் காசு) கொடுப்பதற்கும் இல்லை. ஒரு வங்கி ஏலத்தில் வாங்கி, அடுத்த வாரம் அதையே அடகு வைத்து மத்திய வங்கியிடம் காசு எடுத்தால் சட்டப்படி எல்லாம் சரி. இந்தக் கருவி இல்லாமல் எந்த மத்திய வங்கியும் வேலை செய்ய முடியாது என்பதும் உண்மை, அதனால் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. பார்க்கவேண்டியது அளவைத்தான்.

இந்தியாவில் எப்படி?

அங்கேயும் இருந்த நோய்தான். மத்திய அரசு கேட்டபோதெல்லாம் ரிசர்வ் வங்கிக்குச் சிறப்பு உண்டியல் எழுதிக் கொடுத்துக் காசு எடுக்கும் வழக்கம் 1950களில் தொடங்கி 1997 வரை நீடித்தது. அதன் பிறகு வந்த 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி அரசின் ஏலங்களில் நேரடியாக வாங்குவதில்லை. ஆனால் வங்கிகள் தம் வைப்புகளில் ஒரு பங்கை அரசுப் பத்திரங்களில் போட்டே ஆகவேண்டும் என்ற விதி தொடர்கிறது, ஆகவே அரசுக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள் உண்டு.

அமெரிக்காவும் ஜப்பானும் அள்ளி அள்ளி அச்சடிக்கின்றனவே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அமெரிக்காவுக்கு 2022இல் ஆனது, பணவீக்கம் 9 சதவீதத்தைத் தொட்டது. ஆனாலும் அவர்கள் எண்ணெயைத் தங்கள் நாணயத்திலேயே வாங்கலாம், வெளிநாட்டார் அந்த நாணயத்தை வைத்திருக்க விரும்புகிறார்கள். நமக்கு மருந்தும் எரிவாயுவும் டொலரில் வருகிறது, ரூபாவை யாரும் சேமிப்பதில்லை. ஜப்பானின் கடன் பெரும்பாலும் ஜப்பானியரிடம் இருக்கிறது, அந்த நாடு உலகத்துக்கே கடன் கொடுத்த நாடு. இந்த ஒப்பீட்டை இத்தோடு விட்டுவிடலாம்.

பணவீக்கம் போய்விட்டது என்கிறார்கள், கடையில் விலை இறங்கவில்லையே?

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் நின்றால் விலை ஏறிய இடத்திலேயே நிற்கும். 2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை ஆண்டுக்கணக்கில் சுட்டெண் பூச்சியத்துக்குக் கீழேகூட இருந்தது, அதற்கு மின்சாரக் கட்டணமும் எரிபொருளும் குறைந்தது பெரிய காரணம். 2021இன் விலைக்குத் திரும்புவது என்ற பேச்சே இல்லை. சம்பளம் ஏறினால்தான் உண்டு.

மறுபடி அப்படி நடக்கப்போகிறதா என்பதைச் சாதாரண ஆள் எப்படிக் கவனிப்பது?

கொள்கை வட்டி அறிவிப்பை மட்டும் பார்க்காதீர்கள். புதன்கிழமை ஏலத்தின் முடிவு அன்றே வெளிவரும்: எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு ஏற்றுக்கொண்டார்கள், எந்த வட்டியில். தொடர்ந்து பல வாரம் ஏலம் நிரம்பாமல் போயும் வட்டி ஏறாமல் இருந்தால், அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். மத்திய வங்கி தன்னிடமுள்ள அரசாங்கப் பிணையங்களின் தொகையையும் வங்கி முறைமையின் ஓரிரவுத் திரவத்தன்மையையும் வெளியிடுகிறது. அது ஏறிக்கொண்டே போகும்போது, அந்நியச் செலாவணி இருப்பு இறங்கிக்கொண்டும் டொலரின் விலை அசையாமலும் இருந்தால், மேலே டொலர் கேள்வியில் சொன்ன சுற்று திரும்பவும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அரச நிறுவனங்களுக்கு வங்கிகள் கொடுத்த கடன் எவ்வளவு என்பதையும் மாதாந்த அறிக்கையில் பாருங்கள். எரிபொருள் விலையை அரசாங்கம் திடீரென்று குறைத்து, அதற்கான காசு எங்கிருந்து என்று சொல்லாமல் விட்டால், பெரும்பாலும் அறிக்கையின் அந்த இடத்தில்தான் பதில் இருக்கும்.